வாசல் பாத்திக் கீரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இதை மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்தால் போனில் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், படித்ததும் முதல் வேலையாக நான் சொல்வதைச் செய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா அனுப்பின கீரைப்பொடியில் பூச்சி விழுந்திருக்கும், கொட்டிவிடு என்றேனே, நீ சிரித்துக்கொண்டே பூச்சியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, சின்னவளுக்குக்கூட தினமும் ஒரு ஸ்பூன் போடறேன், பாதி டப்பா காலி என்றாய். பூச்சி என்றது பொய். அப்பா பக்கத்தில் நின்றார், வேறு எதுவும் வாயில் வரவில்லை. நல்லவேளை நீ சொன்னது அவர் காதில் விழவில்லை.

தோட்டத்துக்கு முன்னால் சாலையை அகலமாக்கி சிக்னல் வைத்தார்கள் அல்லவா, சிவப்பு விழுந்தால் லாரியும் பஸ்ஸும் நம் வேலியை ஒட்டித்தான் உறுமிக்கொண்டு நிற்கும். முதலில் அவரைச் செடியில் பூ நிற்காமல் உதிர்ந்தது, அப்புறம் கீரை இலை ஓரம் தீய்ந்து, செடி வளராமல் குட்டையாகவே நின்றது. எரு போதவில்லை என்று அப்பா கூடை கூடையாகக் கொட்டினார். இலையில் படிந்த கரியை ஈரத்துணியால் துடைத்தார், குழந்தைக்குக்கூட இப்படி முகம் துடைத்ததில்லையே என்று நான் கிண்டல் செய்தேன். கடைசியில் விவசாய அலுவலகத்துப் பெண் வந்து வேலியோரத்தில் ஒரு பிடி, கிணற்றடியில் ஒரு பிடி பறித்துப்போய்ச் சோதித்தாள். கிணற்றடிக் கீரை பரவாயில்லையாம். வேலியோரத்தில் வண்டிப் புகையும் பிரேக் தூளும் படிந்து படிந்து ஈயம் மாதிரி ஆகாததெல்லாம் ஏறியிருக்கிறதாம், கழுவினா மேல இருக்கறதுதான் போகும், உள்ள ஏறினது போகாது, குழந்தைங்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றாள்.

வேலியோரம் என்றால் வாசல் பாத்தி. உனக்குத்தான் தெரியுமே, அது விற்பதற்கு இல்லை, வீட்டுக்கென்று நீ பிறப்பதற்கு முன்பே அப்பா ஒதுக்கியது. என் பிள்ளைக்கு என் கண்முன்னால வளர்ந்ததுதான் என்பார். சந்தைக்குப் போனதெல்லாம் நல்ல கீரை, உனக்கு வந்தது இது. இலை இலையாகப் பொறுக்கி நிழலில் காயவைத்து அவரே பொடித்தார், பேத்தி சோறு தின்ன ஆரம்பிச்சுட்டா, நம்ம கீரைதான் போகுது என்று பால்காரர் முதல் தபால்காரர் வரை ஒருவரை விடவில்லை. அந்த மனுஷன் இப்போது பாத்தியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் அங்க மழையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு போனை என்னிடம் நீட்டிவிட்டார், அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்டாய். கோபம் இல்லையடி, பயம். எனக்கும்தான்.

மிச்சப் பொடியைக் கொட்டிவிடு, டப்பா நன்றாயிருக்கிறதே என்று எடுத்து வைக்காதே. சின்னவளை டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல், அவர் என்ன சொன்னாலும் என்னிடம் மறைக்காதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நூறு வயது இருக்க வேண்டும், அதுதான் எப்போதும் என் வேண்டுதல். ஒன்று மட்டும் மறக்காதே. அப்பா தைரியம் வந்து ஒருநாள் உன்னிடம் கேட்பார், குழந்தை கீரையை விரும்பிச் சாப்பிட்டாளா என்று. ஒரு வாய்கூட உள்ள போகலப்பா, எல்லாத்தையும் துப்பிட்டா என்று சொல்லிவிடு.

உன் அம்மா