அன்று நீ குறுக்கே பேசவில்லை

என் பேச்சை ஒருநாளும் முடிக்கவிடாத அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. தாராவியில் இப்போதெல்லாம் குழாயில் தண்ணீர் வந்த வேகத்தில் நின்றுவிடுகிறது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால், "வந்த" என்பதற்குள் நீ "நின்னுட்டாக்கும்" என்றிருப்பாய். நான் அதற்குள் பக்கத்து வீட்டுக்காரியின் குடத்தைப் பற்றிய பேச்சுக்குப் போயிருப்பேன்.

"ஒருத்தி பேசுங்க, ஒருத்தி கேளுங்க" என்று அத்தான் தலையில் கை வைத்துக்கொள்வார். சேர்ந்து பேசினாலும் நமக்கு ஒரு சொல்கூட விட்டுப்போனதில்லை என்பது உன் வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. நம் வீட்டில் ஒருத்தி பேசும்போது மற்றவள் சும்மா இருந்தால், சும்மா இருப்பவளுக்குக் கோபம் என்று அர்த்தம். அம்மாவும் அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, என் மருமகளின் வளைகாப்புக்கு உன்னைக் கேட்காமலே நாள் குறித்ததைப் போனில் சொன்னேன். நீ குறுக்கே வரவில்லை.

"யக்கா, கோவமா?"

"நீ சொல்லுளா."

அவ்வளவுதான். கோபமேதான் என்று முடிவுகட்டிப் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் வீம்புக்குக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் உன் மகள் கவிதா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள்.

"சளின்னுதான் சித்தி நெனச்சோம். நாலஞ்சு நாளா பேசினாலே அம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சு."

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நீ சொல்லுளா" என்பதற்கு எவ்வளவு மூச்சைப் பிடித்துவைத்தாய்? செம்பூர் என்ன தூரமா அக்கா, ஓர் ஆட்டோ ஏறினால் உன் வாசல். ஏன் வரத் தோன்றவில்லை எனக்கு? யாரிடம் போய்க் கேட்பேன்?

போன வாரம் கவிதாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது சட்டென்று சத்தமே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு உன் வீட்டுக்கு ஓடினேன். ஆட்டோக்காரரை வழியெல்லாம் "ஜல்தி, ஜல்தி" என்று படுத்தி எடுத்தேன். கதவைத் திறந்தவளின் வாயில் இட்லி.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் சித்தி, அதான்."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் புலம்ப, அவள் தேற்ற, இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். அத்தான் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருத்தி பேசுங்க என்று சொல்லவில்லை.

இனி யார் பேசாமல் இருந்தாலும் நேரில் போய் முகத்தைப் பார்ப்பேன். உன் முகத்தைத்தான் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டேன், ஓர் இடத்திலும் நீ குறுக்கே வரவில்லை. இந்த முறை கோபம் என்று நினைக்க மாட்டேன் அக்கா. அன்று போனை வைத்ததுபோல் நானாக முடிக்கவும் மாட்டேன்.

உன்னோடு சேர்ந்தே பேசிப் பழகிய தங்கை,
செல்வி