பழைய நம்பரே வேணும்

என்னங்க,

"வீட்டிலேயே தையல் மெஷின்ல உட்கார்ந்திருக்கிறவளுக்கு சிம் எதுக்கு? வைஃபைலயே பேசிக்கலாம்"னு சொல்லி என் சிம்மை நிறுத்தினீங்களே! நேத்து கரண்ட் போச்சு, கூடவே வைஃபையும் போச்சு. பள்ளிக்கூடத்துல பாப்பா விழுந்து கை உடைஞ்சிருக்கு. டீச்சர் பதினோரு தடவை கூப்பிட்டாங்களாம். எனக்கு ஒண்ணுகூட வரல. ரெண்டு மணி நேரம் குழந்தை வலியில துடிச்சிருக்கா. கேட்டா, "கரண்ட் போனதுக்கு நானா பொறுப்பு?"ங்கறீங்க. வாய் கூசலையா?

பழைய நம்பரைத் திரும்ப வாங்கக் கடைக்குப் போறேன். சோறு அடுப்பு மேல இருக்கு. பாப்பாவை எழுப்பாதீங்க. மாவுக்கட்டுக் கை தலகாணி மேலயே இருக்கட்டும். பத்து மணிக்கு மாத்திரை.

பி.கு.: மன்னிப்புக் கேட்க இப்போ கூப்பிடாதீங்க, தெருவுல இந்த போன் அடிக்காது. வந்ததும் என் முகத்தைப் பார்த்தே கேளுங்க. முதல்ல பாப்பாகிட்ட.