சிவப்பு வண்டிக்கு ஒரு காற்றுப்பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. மழை இல்லை.

மாப்பிள்ளையின் சிவப்பு வண்டி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்த கார். மும்பையிலிருந்து இரட்டை கார்புரேட்டர் வாங்கிப் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறார். பழைய ஏர் ஃபில்டர் டப்பா அதற்குப் பொருந்தாது. எஞ்சின் வாயைத் திறந்துகொண்டு அவர்கள் குடியிருக்கும் தார்நாகாவின் தூசி மொத்தத்தையும் குடிக்கிறது.

வேலை: அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி. முன்னால் ஒரு குழாய், கிரில் பக்கமிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க. உள்ளே ஃபில்டர். பின்னால் இரண்டு ஓட்டை, கார்புரேட்டருக்கு ஒன்று ஒன்றாக. பானெட் மூட வேண்டும்.

"அத்தை இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்றார். பேச்சில் தேன் ஒழுகும் அவருக்கு. எனக்கும் ஆசைதான். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்தப் பட்டறையில் ஃபேக்டரிக்குச் சதுரப் பெட்டியாக அடித்து அடித்து அலுத்துவிட்டது. இது வளைவும் நெளிவுமான வேலை.

பட்டறைப் பையன் யாதகிரி தகட்டைக் குறுக்கே வெட்டித் தொலைத்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன், மேசையை ஓர் உதை. கால் கட்டைவிரல் வீக்கம். யாதகிரி சிரித்தான், அவனுக்குப் பழகிவிட்டது.

மகள் ரேவதி மூன்று தடவை போன். "கரெக்டா வரணும்மா. ஸ்டார்ட் ஆகலன்னு இருக்கவே கூடாது."

"நீ என்ன அவர் வக்கீலா?"

வைத்துவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

தூறல். மண் வாசனைகூட வரவில்லை, பிசுபிசுப்பு மட்டும்.

அட்டையில் மாதிரிப் பெட்டி. சப்பாத்தி மாவை உருண்டை பிடித்து அதன் மேல் ஒட்டி, பானெட்டை மூடித் திறந்தேன். மாவு எவ்வளவு நசுங்கியதோ அவ்வளவுதான் இடைவெளி. முன்பக்கம் சுண்டுவிரல் கனம். பின்பக்கம் அப்பளம். பின்பக்கத்தை இறக்க வேண்டும். மறுபடி அட்டை, மறுபடி மாவு. இரவுச் சப்பாத்தி போச்சு.

ரே. நேரிலேயே வந்துவிட்டாள், தார்நாகாவிலிருந்து பஸ் பிடித்து. ஆபீசுக்கு லீவாம். இந்த வெயிலில் முழுக்கை குர்தா.

"எப்பம்மா முடியும்?"

"எதுக்கு இவ்ளோ அவசரம்? உன் புருஷன் ரேஸுக்கா போறான்?"

"ஞாயித்துக்கிழமை பழைய கார் கிளப்காரங்க எல்லாம் வராங்க. அவர் சொல்லிட்டார்."

அரை மணி நேரம் பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு கவலையாக நின்றதில்லை. புருஷன்மேல் இத்தனை பாசமா என்று எரிச்சல். கொஞ்சம் பொறாமையும். எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

சிலிண்டர்காரன் வரவில்லை. ஆர்கான் இல்லாமல் அலுமினியம் வெல்டிங் ஆகாது. போனில் கத்தினேன், தொண்டை கட்டிக்கொண்டது.

ஜூன் 7, சனி

எப்படி எழுதுவது.

யாதகிரி சாப்பிடப் போயிருந்தான். ரே. மறுபடி வந்திருந்தாள். தகட்டை மடக்க மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். இடது கையைத் தூக்க முடியவில்லை அவளால். தகடு நழுவி விழுந்தது, மூலை மடங்கியது.

"சோறு திங்கறதில்ல? ஒரு தகடு தூக்க வக்கில்ல!"

தரையில் கிடந்த தகட்டைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். "கெட்டுப்போச்சா? கெட்டுப்போச்சாம்மா?" என்று அதையே. ஒரு தகட்டுக்கு யார் அப்படி அழுவார்கள். குர்தாவைத் தோளிலிருந்து இழுத்தேன்.

கறுப்பு. அதன் கீழ் பச்சை. முதுகுப் பக்கம் மஞ்சள். ஒரு நாள் அடி இல்லை.

"போன வாரம் லோத்குண்டா கிட்ட வண்டி நின்னுடுச்சும்மா. ரோட்ல போறவங்க தள்ளி விட்டாங்க. அவருக்கு அவமானமாப் போச்சு."

"அதுக்கு உன்ன எதுக்கு அடிச்சான்?"

"நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

இதைச் சொல்லும்போது அழவில்லை. மணி சொல்வது போல் சொன்னாள்.

இங்கேயே இரு என்றேன். கையைப் பிடித்தேன், கதவைச் சாத்தினேன், கத்தினேன். கேட்கவில்லை. "வண்டி சரியாயிட்டா அவரும் சரியாயிடுவார்மா. நீ நல்லாப் பண்ணிக் குடு. அது போதும்."

பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் மடங்கிய தகட்டை எடுத்துச் சுத்தியலால் அடித்தேன், அது தகடாக இல்லாமல் போகும்வரை. திரும்பி வந்த யாதகிரி வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல மழை. பட்டறைக்கு விடுமுறை. நான் மட்டும்.

அவனுக்கு மெசேஜ்: இன்று முடியாது, செவ்வாய். பதிலுக்குக் கும்பிடு பொம்மை. கிளப்காரர்களிடம் என்ன சொன்னானோ. ரே.க்குப் போன் போட்டேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். ஒண்ணும் இல்லாத குரல் இல்லை அது.

என்ன செய்யலாம்:

கையை ஒடிப்பது. எந்தக் கையால் அடித்தானோ அதை.

போலீஸ். ரே. கூடாது என்கிறாள். கட்டாயப்படுத்தினால் இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவாள்.

அவன் அம்மா. அவளுக்குத் தெரியுமாம்! "அவன் கோபக்காரன், நீதான் பாத்து நடந்துக்கணும்" என்றாளாம். அவளையும் சேர்த்து.

நட்டு.

நட்டுதான் நன்றாக இருந்தது. புதுத் தகட்டில் மடக்கிவைத்த பெட்டியின் பின்பக்கம் ஒரே ஒரு சின்ன நட்டு. ஃபில்டரைத் தாண்டிய இடம், எதுவும் தடுக்காது. எஞ்சின் உறுமும்போது இழுத்து விழுங்கிவிடும். வால்வு, பிஸ்டன், எல்லாம் சுக்குநூறு. அவன் உயிரே அந்த வண்டியில்தான். போட்டும் பார்த்தேன். உள்ளே உருண்டு போய் ஒரு மூலையில் நின்றது. அந்தச் சத்தம் எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. வண்டி நின்றால் அடி யாருக்கு?

கவிழ்த்துத் தட்டி வெளியே எடுத்தேன். பிறகு வெல்டிங், ஆர்கான் நேற்றே வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக நான் வாழ்க்கையில் ஒட்டியதில்லை. ஓர் ஊசித் துளை கிடையாது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. என் பெண் தோளுக்குக் கவசம் செய்வதாக நினைத்துக்கொண்டேன். அவளைக் கொல்கிறவனுக்கே பரிசு செய்து தருவதாகவும். இரண்டும் உண்மை. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடுகிறது, நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

விரல் வீக்கம். பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும்.

அவன் காலையிலேயே வந்தான், ரே.யும் கூட. பெட்டியை மாட்டினேன். பானெட் மூடியது, எங்கும் தட்டவில்லை. சாவியைத் திருப்பினான். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! யாதகிரி விசில் அடித்தான். மாப்பிள்ளை ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துச் சிரித்தான், குழந்தை மாதிரி. "அத்தை, சூப்பர்!" என்று காலைத் தொட்டான். ரே. முகத்தில் களை வந்தது. எனக்கும்கூட ஒரு நொடி, சரியாகிவிடுமோ என்று.

இறங்கி வண்டியைச் சுற்றி வந்தான். முன் மட்கார்டில் ஒரு கீறல். நகம் அளவு.

"அது நான் பண்ணது. அரம் தவறி விழுந்துச்சு" என்றேன். உண்மையும் அதுதான்.

"பரவால்ல அத்தை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தான். "சனிக்கிழமை நீதான இங்க வந்து பாத்துட்டுப் போன? ஏறு வண்டில." மெதுவாகத்தான் சொன்னான். அவளுடைய இடது தோள் தானாகக் காது வரைக்கும் ஏறியது.

புரிந்துவிட்டது. பெட்டி கச்சிதமாக இருந்தால் கீறல். கீறல் இல்லையென்றால் டயர். டயர் இல்லையென்றால் சாம்பார்.

பானெட்டைத் திறந்தேன். பெரிய சுத்தியல். முதல் அடியில் மூடி உள்வாங்கியது. இரண்டாவதில் என் வெல்டிங் பிளந்தது. மூன்றாவதில் கார்புரேட்டர். "அத்தை! பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அலறினான். அலறியவன் என்னிடம் வரவில்லை. நேராக அவளிடம் போய்த் தலைமுடியைப் பிடித்தான்.

"விடுடா!"

விடவில்லை. முன்கையில் அடித்தேன். எலும்புச் சத்தம் எனக்குத் தெரியும் இனிமேல். விழுந்தான். இன்னொன்றுக்கு ஓங்கினேன். யாதகிரி பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். "ஒத்தம்மா, ஒத்து, சச்சிப்போதாடு!" செத்துப்போவான், வேண்டாம் என்கிறான். சாகட்டும் என்றுதான் கத்தினேன். விழுந்தவன் தவழ்ந்து எழுந்து ரோட்டுக்கு ஓடி, ஆட்டோவில் ஏறினான்.

திரும்பினேன். ரே. தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். அவன்தான் போய்விட்டானே. பட்டறையில் சுத்தியலோடு நின்றது நான் மட்டும்தான்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டுவிட்டு. எங்கள் வீடு. ரே. இரண்டு நாளாகத் தூங்குகிறாள், எழுந்து தயிர்சாதம், மறுபடி தூக்கம்.

அவன் கையில் மாவுக்கட்டாம். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிக்கொள்கிறானாம். மாமியார் அடித்தாள் என்று எந்த ஆம்பளை எழுதிக் கொடுப்பான்.

பதினொரு மணிக்கு அவனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் வைத்தாள். வண்டியை எடுக்க ஆள் அனுப்புகிறானாம். நடந்ததை மறந்துவிடுகிறானாம். அவள் வீட்டுக்கு வந்தால் போதுமாம், பாவம். வசவு வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. கரண்டி கையில்.

"நக்கோ" என்றாள் ரே. வேண்டாம், அவ்வளவுதான். துண்டித்தாள்.

பிறகு என்னைப் பார்க்காமல்: "இங்கயே இருக்கேம்மா. ஆனா நீ கத்தக் கூடாது. தூக்கிப் போடக் கூடாது. என்னால முடியல."

"சரி!" என்றேன். சத்தமாகத்தான் வந்தது, அப்படித்தானே எனக்கு வரும். தோள் மேலே போனது அவளுக்கு.

கரண்டியைக் கீழே வைத்தேன். மறுபடி சொன்னேன், மெதுவாக. அப்படிச் சொல்லிப் பார்த்த முதல் தடவை குரலே வரவில்லை.