சிவந்த அந்தி

12 டிசம்பர் 1991, வியாழன்
மல்லேஸ்வரம்

இன்றும் சூரியன் மறைந்து வெகுநேரம் வானம் சிவந்தே கிடந்தது. "எங்கயாவது தீப்பிடிச்சிருக்காடி?" என்றாள் அம்மா. ஜூனில் பிலிப்பைன்ஸில் வெடித்த எரிமலைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

சேகர். என்னோடு ஒரே ஆய்வகத்தில் இருந்துவிட்டு மார்ச்சில் தற்காலிக வேலைக்காகப் புனே போனவர்.

"வசந்தி, அங்கயும் வானம் சிவப்பா?"

"ஆமா. மாடியில நின்னு பாத்துட்டுதான் வந்தேன்."

"யாரோட?"

"தனியாத்தான்."

பிறகு, "இங்க என்னை நிரந்தரமாக்கிட்டாங்க" என்றார். சந்தோஷம் என்றேன். எப்போது திரும்பி வருவீர்கள் என்று இனிக் கேட்க முடியாது.

அவராகவே ஏதேதோ விளக்கினார். கந்தக வாயு மேலே போய் நீராவியோடு சேர்ந்து அமிலத் துளிகளாகிறதாம். அவை மெல்லிய மேகமாகப் பரவி அந்தி ஒளியைச் சிதறடிக்கின்றனவாம். இருவரும் சேர்ந்து படித்ததுதான். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

போனை வைக்க மனம் வரவில்லை. "அந்தத் துளியெல்லாம் அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"மெதுவா கீழ இறங்கும். ரெண்டு மூணு வருஷமாகும், வசந்தி."

"ஆகட்டும்" என்றேன்.