கிலேச்சா பாதியில் நிற்கிறது

ஷ்மூனியின் அப்பாவுக்கு,

போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்குக் கிலேச்சா சுட ஒத்தாசைக்கு ஷ்மூனியை வரச்சொல்லியிருந்தேன். நீங்கள் வருவதற்குள் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஏலக்காய் மாவில் பேரீச்சம்பழ விழுதை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காலைலேருந்து குழந்தை அசையவே இல்லம்மா."

"தூங்குதுடி, உங்கப்பா மாதிரி" என்றேன். சொல்லிவிட்டு அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். எட்டாம் மாதம். மாப்பிள்ளை பஸ்ராவிலிருந்து வர நாளை ஆகும்.

பக்கத்து வீட்டுத் தோமாவின் வண்டியில் தோஹுக் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

முதல் தட்டு வெந்துவிட்டது, பதமாக மெத்தென்று இருக்கிறது. உங்கள் தங்கை வந்தால் டீயோடு கொடுங்கள். மீதி மாவை ஈரத்துணியால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை, தோமா ஹாரன் அடிக்கிறார், உள்ளே போய்ப் பார்க்க நேரமில்லை; முதலில் அதைப் பாருங்கள்.

"அப்பா வருவாராம்மா?" என்று வாசலில் நின்று கேட்கிறாள். அவள் கல்யாணத்துக்கே வராத உங்களைப் பற்றி நான் என்ன சொல்ல? "வருவாரு, நீ செருப்பப் போடு" என்றேன்.

ஹன்னே

டீ, மாவு எதையும் பார்க்க வேண்டாம். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள். டாக்டர் சொல்லப்போவதைத் தனியாகக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேச வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்.