'வரட்ராசா' படகை ஓட்டி வந்தவர் யார் என்பது பற்றி

அனுப்புநர்:
சஹுண்ட்ரா ஜாவுசாரா,
'வரட்ராசா' பாய்ப்படகு,
வெளிநாட்டுப் படகுகள் நிறுத்தும் படகுத்துறை, டர்பன்.
(சொந்த ஊர்: அந்த்சிரானானா, மடகாஸ்கர்)

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வெளிநாட்டுச் சிறுபடகுகள் வருகைப் பிரிவு,
டர்பன்.

பொருள்: என் படகுக்கு வேறொருவரைக் கேப்டன் என்று பதிந்திருப்பதைத் திருத்தவும், ஏலத்தை நிறுத்தவும் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் படகோட்டி. பிறருடைய படகுகளில் முதலில் சமையலாளாகவும், பிறகு சுக்கான் பிடிப்பவளாகவும், கடைசியில் கேப்டனாகவும் வேலை பார்த்தேன். புயலில் பாறைமேல் ஏறி, உரிமையாளர் கைவிட்டுப் போன ஒரு படகை வாங்கி, நானும் என் கணவரும் சீராக்கினோம். எங்கள் ஊர்க் காற்றின் பெயரை அதற்கு அவர்தான் வைத்தார். படகு கடலில் இறங்கியதைப் பார்க்க அவர் இல்லை. பதிவும் கேப்டன் சான்றிதழும் என் பெயரில் உள்ளன. நகல்களை இணைத்துள்ளேன்.

2. இயந்திரத்தைப் பழுதுபார்க்க டர்பனுக்குப் புறப்பட்டபோது, பெல்ஜியத்தைச் சேர்ந்த திரு. யோரிஸ் என்பவர் என்னை அணுகினார். டர்பனில் விமானம் ஏற வேண்டும், அதுவரை கடல் வழியாக வர ஆசை என்றார். துணைக்கு ஒருவர் இருக்கட்டும் என்று ஏற்றிக்கொண்டேன். அவர் வாந்தியெடுத்துக் கிடந்த நாட்களில், எங்கள் ஊர் வழக்கப்படி பானையில் அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் விட்டுக் காய்ச்சி ஊட்டியது நான். எழுந்து உட்கார்ந்தபின் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததும் நான்.

3. தெற்கே ஓடும் நீரோட்டத்தின் முகத்தில் தென்மேற்குக் காற்று அறைந்தால் கடல் எப்படி எழும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு அது ஒரு விடியலில் நேர்ந்தது. திரு. யோரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கரைக்குப் போயிடலாம் சஹுண்ட்ரா, கெஞ்சிக் கேக்குறேன்" என்றார். "இப்போ கரைதான்யா நம்மளக் கொல்லும். உள்ள போய்ப் படு" என்றேன். அவர் போய்ப் படுத்தார். பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டு, காற்று அடங்கும்வரை சுக்கானை நான் விடவில்லை. கைத்தோல் உரிந்துபோயிற்று.

4. துறைமுக வாயிலில் வானொலியில் அனுமதி கேட்டேன். "கேப்டனப் பேசச் சொல்லும்மா" என்று பதில் வந்தது. நான்தான் கேப்டன் என்றேன். பிறகு உள்ளே வரச் சொன்னார்கள்.

5. துறையில் தங்கள் அலுவலர் திரு. ஷோசி காத்திருந்தார். அவர் முகம் என் அண்ணன் முகம்போல் இருந்தது. அந்நிய ஊரில் நம்மைப் போன்ற ஒருவர் நிற்கிறாரே என்று மனம் தெம்படைந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். அவர் படகில் ஏறினார். கயிறு கட்டிக்கொண்டிருந்த என்னைத் தாண்டிப் போய், திரு. யோரிஸின் கையைக் குலுக்கி, "நல்லபடியா கொண்டுவந்து சேத்துட்டீங்க கேப்டன் சார்" என்றார். என் சான்றிதழை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல இதக் கேக்குறவங்களுக்கெல்லாம் குடுப்பாங்களா அக்கா?" என்று சிரித்தார். படகின் பதிவைக் காட்டினேன். "படகு உங்க பேர்ல இருக்கட்டும். பஸ் முதலாளியெல்லாம் பஸ் ஓட்டுறாங்களா? நீங்க போய் எங்களுக்குக் காபி போடுங்க" என்றார்.

6. திரு. யோரிஸ் அப்போது வாய் திறந்திருக்கலாம். அவர் என்னிடம் தாழ்ந்த குரலில், "விடுங்க, வெறும் காகிதந்தானே. எனக்கு விமானத்துக்கு நேரமாச்சு" என்றார். வருகைப் படிவத்தில் கேப்டன் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். எனக்குச் 'சமையலாள்' என்று எழுதப்பட்டது. நான் மறுத்ததை யாரும் எழுதவில்லை. அன்று மாலையே அவர் ஊருக்குப் பறந்துவிட்டார்.

7. இயந்திரம் சரியானதும் புறப்பட அனுமதி கேட்டு வந்தேன். கொண்டுவந்த கேப்டன்தான் கேட்க வேண்டும் என்றார்கள். கேப்டன் நாட்டைவிட்டுப் போய்விட்டதால் சமையலாளுக்கு இங்கே தங்கும் உரிமையும் முடிந்துவிட்டதாம். விமானம் ஏறி ஊர் போகச் சொல்கிறார்கள். மாத முடிவுக்குள் படகு எடுக்கப்படாவிட்டால், கேப்டன் கைவிட்ட படகாகக் கருதி ஏலம் விடப்படும் என்று பாய்மரத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் அதன் கீழ்தான் சோறு வடிக்கிறேன்.

8. திரு. யோரிஸைத் தொலைபேசியில் அழைத்து, உள்ளதை எழுதி அனுப்பும்படி கேட்டேன். "இப்போ மாத்திச் சொன்னா, அன்னைக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு ஆயிடும்ல? வம்பு எனக்குத்தான். நேர்ல பேசிப் பாருங்க சஹுண்ட்ரா. அவங்க உங்க ஆளுங்கதானே" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொன்னபடியே தங்கள் பார்வைக்கு எழுதுகிறேன்.

9. தங்கள் அலுவலகத்தின் திருமதி செலே என்மீது இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் அக்கா. படகு கிளப்புல ஒரு வெள்ளைக்காரர் இருக்கார். கேப்டன்னு அவர் ஒரு கையெழுத்துப் போட்டா, நாளைக்கே நீங்க கிளம்பிடலாம். எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?" அவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். இந்த விரிகுடாவைத் தாண்டிப் போனதில்லையாம். "எந்தக் கயிறு எதுக்குன்னு நீங்க சொல்லிக் குடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டார். திருமதி செலே மனதார உதவ நினைத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த இரக்கம்தான், ஐயா, திரு. ஷோசியின் சிரிப்பைவிட ஆழமாகக் குத்தியது.

10. அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புயல் காலம் வாசலில் நிற்கிறது. அது தொடங்கிவிட்டால் ஊர் திரும்ப மாதங்கள் ஆகும். அது தெரிந்தேதான் சொன்னேன்.

ஆகவே, பதிவில் கேப்டன் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, ஏல அறிவிப்பைக் கிழிக்க உத்தரவிட வேண்டுகிறேன். சான்றிதழ் போதாது என்று தாங்கள் கருதினால், திரு. ஷோசி அவர்களையே என் படகுக்கு அனுப்பிவையுங்கள். துறைமுக வாயிலைத் தாண்டி அவரைக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். அவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தங்கள் முடிவை எதிர்பார்த்துப் படகிலேயே இருக்கிறேன்.

இடம்: டர்பன்
நாள்: 20 நவம்பர் 2018

(ஒப்பம்)
சஹுண்ட்ரா ஜாவுசாரா,
கேப்டன், 'வரட்ராசா'