மருந்துக்கு இல்லாத கட்டம்

நாள் 1207 · 23:40
இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது. செவ்வாய், வடபள்ளத்தாக்குக் குடியிருப்பு, ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தமயந்தி. பூமி மருத்துவக் குழுவுக்கு அன்றாட அறிக்கை.

சுரங்கப் பணியாளர் மாசிலாமணி இன்று மாலை இறந்தார். ரத்தத்தில் கிருமி பரவி, அழுத்தம் விழுந்து, செப்டிக் ஷாக். முதல் மணி நேர ரத்தத்தில் லாக்டேட் 6.1; இரண்டுக்குள் இருக்க வேண்டியது. முன்கணிப்பான் கருவி சொன்ன பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 14. இருபதுக்குக் கீழே போனால் மருந்து அலமாரி திறக்காது. சரக்குக் கப்பல் வராத ஆண்டில் நீங்கள் போட்ட விதி. கணிப்பு சரி. இதோடு பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. கருவிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதில் கொஞ்சம் பெருமை உண்டு.

நாள் 1209 · 22:15
மகள் அகல்யா, வயது நான்கு. மூன்று நாளைக்கு முன் முழங்காலில் சிராய்ப்பு. பிளாஸ்திரி ஒட்டியதோடு சரி, பிறகு பிரித்துப் பார்க்கவில்லை. காய்ச்சல் 39.8. கைகால் சில்லிட்டுவிட்டது. ரத்தம் நான்தான் எடுத்தேன். லாக்டேட் 5.8. கணிப்பு 17.
அலமாரி திறக்கவில்லை. விதிவிலக்கு கேட்டு உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

23:50
தனிமை அறையில் அகல்யாவோடு இருக்கும் மருத்துவர் செபாஸ்டினின் ஒலிச்செய்தி:
“தமயந்தி, ஊசி இல்லாம நான் என்னத்தம்மா பண்ண? பிள்ள ஒன்னயத்தான் தேடுது. ‘அம்மா மெஷின்கிட்ட சொல்லிட்டாங்களா’ன்னு கேட்டுக்கிட்டே கெடக்கு.”

நாள் 1210 · 00:30
என் ரத்தத்தை அவள் பெயரில் வைத்தேன். 96. ‘தானே தேறுவார். மருந்து தேவையில்லை.’ அப்போதும் திறக்கவில்லை. மூன்றாவது மாதிரியை வாங்க மாட்டேன் என்கிறது. ஒருவருக்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் இரண்டுதான். யாராவது ஏமாற்றுவார்களே என்று அந்த விதியை எழுதியவளும் நான்.

01:20
பழைய பதிவுகளைப் புரட்டினேன். கப்பல் வராத ஆண்டின் பதிவுகளைக் கொண்டுதான் கருவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். லாக்டேட், கிருமித் தொற்றைக் காட்டும் புரோகால்சிட்டோனின், வயது, பிழைத்தாரா. நான்கு கட்டங்கள். மருந்து கொடுத்தார்களா என்பதற்கு ஒரு கட்டம் நான் வைக்கவே இல்லை. அந்த ஆண்டு மோசமாக இருந்த யாருக்கும் மருந்து கிடைக்கவில்லை. செத்தார்கள். இப்படிப்பட்டவர்கள் சாவார்கள் என்று கருவி கற்றுக்கொண்டது. அது சொன்னதால் நாம் கொடுக்கவில்லை. அவர்களும் செத்தார்கள். கணிப்பு சரி என்று எழுதினேன், பத்தொன்பது தடவை.

அதற்கு முந்தைய ஆண்டுகளின் நோட்டு செபாஸ்டினிடம் இருந்தது. லாக்டேட் 5.5க்கு மேல் இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் மருந்து போயிருக்கிறது. பதிமூன்று பேர் பிழைத்திருக்கிறார்கள்.

மாசிலாமணியின் மனைவியிடம், முடிந்ததெல்லாம் செய்தோம் என்று சொல்லியிருந்தேன்.
நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

02:05
உங்கள் பதில் வந்தது:
“இரண்டு செய்தியும் கிடைச்சுதும்மா. கருவி இதுவரை தவறினதே இல்லைன்னு உங்க அறிக்கையிலயே இருக்கு. விதிவிலக்குன்னா குழு கூடணும். காலையில பேசுறோம். தைரியமா இருங்க.”

யாருடைய காலையில்?

03:10
அவள் ரத்தத்தைப் பழைய கைக்கருவியில் பார்த்தேன். லாக்டேட் 7.2. அலமாரியைக் குழாய்ச்சாவியால் அடித்தேன். என் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். இடது கையால் எழுதுகிறேன்.

முன்கணிப்பான் கணிப்புப் பட்டியலில் இருபதாவது வரியைத் தானே திறந்து வைத்திருக்கிறது. அகல்யா. 17. என் ஏமாற்று 96ஐ ‘பொருந்தாத மாதிரி’ என்று தள்ளிவிட்டது. பக்கத்தில் இப்போதே ‘கணிப்பு சரி’. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

03:25
தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். மூச்சு இருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
அலமாரியின் திறப்பு எண் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அனுப்பினால் இங்கே வந்து சேரப் பதினான்கு நிமிடம். குழு பிறகு கூடட்டும்.
தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.